பங்காளி கடித்தால்

செங்கல்பட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். பரிணாமப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவேன். "குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி."

அந்த ஒரு சொல்லில் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஒரே பாட்டனின் பிள்ளைகள், பிறகு அடுப்பு பிரிந்தது, ஒரு கிளை மரத்திலேயே இருந்துவிட்டது, ஒரு கிளை தரைக்கு வந்தது என்று விளக்குவேன். மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். பங்காளி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பங்காளிமேல் வரப்புத் தகராறு இல்லாத வீடும் குறைவு. கையை நீட்டச் சொல்லி விரல் ரேகையையும் நகத்தையும் கட்டைவிரல் மடங்கும் விதத்தையும் காட்டுவேன். இதெல்லாம் திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் பங்காளிக்கும் உண்டு என்பேன். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வகுப்புக்கு வெளியேயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வாங்கப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்தால் ஒரு மனிதனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மனிதன் என் மனைவியின் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில் சொந்தமாக ஒரு வேன் வாங்கி, ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி, வெளியூர்க்காரர்களைத் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டிப்போய்க் கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மனைவியோடும் சின்னப் பெண்குழந்தையோடும் குடியிருந்தான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா கையில?" என்றாள் என் மனைவி.

"கொரங்கு கட்ச்சிட்சிக்கா. திருக்கழுக்குன்றத்துல, மலையடிவாரத்தாண்ட. பழம் குடுத்தேன். பழத்த வுட்டுட்டு கையப் புடிச்சிகிச்சு."

"உன் மூஞ்சப் பாத்து சொந்தக்காரன்னு நெனச்சிருக்கும்."

"அப்போ மாமாவப் பாத்திருந்தா கட்டிப்புடிச்சி அழுதிருக்கும்."

துணியைப் பிரித்துக் காட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சதையில் இரண்டு பற்கள் ஆழமாக இறங்கியிருந்தன. என் மனைவி மஞ்சள் குழைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நாய்க்கடி ஊசியப் போட்டுக்கோ" என்றாள்.

"கட்ச்சது கொரங்கு. நாய்க்கடி ஊசி இன்னாத்துக்கு?"

அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்த ஊசிக்கு எங்கள் ஊரில் வேறு பெயரே இல்லை. படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோருக்கும் அது நாய்க்கடி ஊசிதான். பெயரிலேயே நாய் இருக்கும்போது குரங்கு கடித்தவன் அங்கே போய் எப்படி நிற்பான்? என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மாமா. கொரங்குப் பாடம் நீதான நடத்துற."

நான் சொன்னேன்: "பங்காளி கடிச்சா யாராவது ஊசி போடுவாங்களா மச்சான்? கேஸ்தான் போடுவாங்க."

மூவரும் சிரித்தோம். என் மனைவி சிரித்ததில் கையிலிருந்த மஞ்சள் கிண்ணம் ஆடியது.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடி கேட்டான். "வெளயாட்டு வேணாம் மாமா. போட்டுக்கணுமா, வேணாமா?"

"வேணாம். சோப்பு போட்டுக் கழுவினியா?"

"கழுவிட்டேன்."

"போதும்."

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. நாய், நரி, பூனை என்று பாடத்தில் படித்திருந்தேன். குரங்கைப் பற்றி யோசித்ததே இல்லை. "தெரியலை, கேட்டுப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். குரங்குப் பாடம் நடத்துகிறவன் அதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் மாமல்லபுரம் போக அவன் வேனை நான்தான் பேசியிருந்தேன். அந்தக் காலத்தில் ஊசியைத் தொப்புளைச் சுற்றித்தான் போடுவார்கள், நாள் தவறாமல் போகவேண்டும், வயிறு வீங்கிக்கொள்ளும். வயிறு வீங்கியவன் எப்படி வண்டி ஓட்டுவான் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியை நான் மறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றது. மற்ற ஆசிரியர்கள் மலையேறப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி. முன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் வண்டிக்கு ஊற்றத் தண்ணீர் பிடிக்கச் சாலையைத் தாண்டிக் குழாயடிக்குப் போயிருந்தான். பூ விற்கும் அம்மாள் ஒருத்தி ஜன்னலோரம் வந்தாள்.

"இந்த வண்டிக்கார அண்ணாத்தயத்தான கொரங்கு கட்ச்சிது சார்? எங்க அவரு?"

"அதோ, தண்ணி பிடிக்கிறார். ஏம்மா?"

"அது நேத்து செத்துப்போச்சு சார். பாவம். மாலை போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, மேளம் வச்சுத்தான் பொதச்சோம். ஆஞ்சநேயரு ஆச்சே."

"எப்படிம்மா செத்துச்சு?"

"போன மாசம் ஒரு வெறிபுடிச்ச நாயி அத்தக் கவ்விச்சு. காயம் ஆறிடுச்சு, நல்லாத்தான் திரிஞ்சிகினு இருந்துச்சு. நாலஞ்சு நாளாத்தான் கூட்டத்துல சேராம தனியா குந்திகினு, தன் கையயே கட்ச்சிகினு கெடந்துச்சு. நேத்து சாவப் போவுதுன்னு தெரிஞ்சி போச்சு. மனுசாளுக்கு ஊத்தற மாரி ரெண்டு வாய் பால் ஊத்தலாம்னு போனோம். ஒரு சொட்டு எறங்கல சார். தொண்டைய இழுத்து இழுத்து, அப்பிடியே வழிஞ்சிகினு வெளிய வந்துட்சி. சொம்ப கிட்ட கொண்டு போனாலே ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு."

சாகும் மனிதனுக்குச் செய்வதை அந்தக் குரங்குக்கும் செய்யப் போனதால்தான் அவர்கள் அந்தத் தொண்டையைப் பார்த்தார்கள். பார்த்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் மைத்துனன் கேனை நிரப்பிவிட்டு, குழாயில் இடது கையை ஏந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதன்பிறகு ஒரு வருடம் நான் அவன் முகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

அவன் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் அப்போது வந்து நின்ற ஒரு பஸ்ஸைப் பார்த்து ஓடிவிட்டாள். "இன்னா மாமா, மூஞ்சி செத்துக் கெடக்கு? காபி வாங்கியாறவா?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்துக்கு அருகே கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்க, பின்னால் ஒன்று உட்கார்ந்து தாயின் தலையில் பேன் பார்க்கும். சக ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்ததும் கத்தினார். "சார், வாங்க வாங்க, உங்க பங்காளிங்க! ஒரு குரூப் போட்டோ எடுத்துடுவோம்." என்னை இழுத்து நிறுத்தினார்கள். மைத்துனனும் ஓடிவந்து என் தோளில் அந்தக் கட்டுப்போட்ட கையைப் போட்டு, போட்டோவுக்காகக் குரங்குபோலப் பல்லைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் பற்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாய்க் குரங்கின் கல் விரல்களைப் பார்த்தேன். வகுப்பில் இத்தனை வருடம் காட்டிய விரல்கள். செத்துப்போன குரங்கின் இதே விரல்களுக்குள் ஓடிய நரம்பு வழியாக வெறிநோய் ஊர்ந்து ஊர்ந்து மூளைக்குப் போனது. அதேபோன்ற நரம்பு என் தோளின்மேல் கிடந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால், நான் ஊசி வேண்டாம் என்றேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் இறங்கி, முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு சத்தம் போட்டான். பார், அவனுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லையே என்று ஒரு மடையன்போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர்ப் பயம் கடைசியில்தான் வரும், வந்த பிறகு மருந்து கிடையாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சாயங்காலம் ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவனுக்குப் பசி, அவசரமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனேன்.

திங்கட்கிழமை பள்ளி நூலகத்தில் பழைய மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குரங்குக்கு வராது என்று எங்காவது ஒரு வரி இருக்காதா என்று தேடினேன். வெப்ப இரத்தம் உள்ள எல்லா விலங்குகளும் என்றுதான் போட்டிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாய்க்கும் குரங்குக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உறவு, அந்தப் பக்கம் நோய் என்று வைத்துக்கொண்டு நான் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு கோடே இல்லை. நாயும் பங்காளிதான், இன்னும் முன்னாலேயே அடுப்பைப் பிரித்துக்கொண்டு போன பங்காளி. நோய்க்கு இது தெரிந்திருந்தது. பாடம் நடத்திய எனக்குத் தெரிந்திருந்தும், ஒரு சிரிப்புக்காக அதை மாற்றிச் சொன்னேன். இவ்வளவு தெளிவாக யோசித்துவிட்டு அன்றைக்கும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு இருந்ததால் அவன் மகள் ஊட்டிக்கொண்டிருந்தாள். தயிர்ச்சோற்றைச் சின்னக் கையில் பிசைந்து அப்பாவின் வாயில் முழுவிரலையும் விட்டுத் திணித்துவிட்டு, அதே கையை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்.

"பாரு மாமா, எங்கம்மா எனக்கு இப்பிடி ஊட்டினது கெடயாது" என்றான்.

எழுந்து அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். குடித்தேன். அந்தக் குழந்தை கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றதை உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாமதமாகச் சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போனது. இன்றைக்குச் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம், அவன் செத்துவிடுவானோ என்ற பயத்துக்குச் சமமாக இருந்தது. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. என் மனைவி. "தம்பிக்குக் காலையிலேர்ந்து ஜுரமாம். தண்ணிகூட வேணான்றானாம். நீங்க வர்றீங்களா?"

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. அவன் பாயில் சுருண்டு கிடந்தான். சொம்பை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"குடி."

"வேணாம் மாமா, வாய் கசக்குது."

"குடிடா!"

நான் அவனை ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. பயந்துபோய் எழுந்து உட்கார்ந்து, சொம்பை வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தான். தண்ணீர் இறங்கியது. இழுப்பு இல்லை, அடைப்பு இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாக்கா இது, ஜுரத்துக்குப் போயி மாமா அழுவுறாரு" என்றான் அருகில் நின்ற என் மனைவியிடம்.

அப்போது சொன்னேன். "அந்தக் குரங்கு செத்துப்போச்சாம். அதுக்கு வெறிநோய் போலிருக்கு. இன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன்."

இன்னிக்குத்தான். அந்தச் சொல் தானாகவே வாயில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருத்துவரிடமும் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கடித்த அன்றே வந்திருக்க வேண்டும், கையில் கடித்திருப்பதால் நோய் சீக்கிரம் வரக்கூடும், இப்போதாவது வந்தீர்களே, போட்டுப் பார்ப்போம் என்றார். ஜுரம் சாதாரண ஜுரம்தான், இரண்டு நாளில் போய்விட்டது. அதற்கு மேல் எதையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. மறுநாள் திருக்கழுக்குன்றம் போய், பால் ஊற்றிய அந்தப் பூக்கார அம்மாளையும் கூட இருந்தவர்களையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். "நல்லவேள சார், ஓடிவந்து சொன்னீங்க" என்று கைகூப்பினாள். அவளை ஞாயிற்றுக்கிழமை முதல் நான் அப்படியே விட்டுவைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

ஊசி முடியும்வரை தினமும் காலையில் அவனோடு நான்தான் போனேன். சட்டையைத் தூக்கிப் படுப்பான், பல்லைக் கடித்துக்கொள்வான். வெளியே வந்ததும், "வயத்துல இட்லி சுட்டு வெச்சமாரி கீது மாமா" என்று சிரிப்பான். என்னால் சிரிக்க முடியாது. எல்லா ஊசியும் முடிந்த பிறகும் பயம் முடியவில்லை. மாதங்கள் கழித்தும் வரலாம் என்று படித்திருந்தேன். அவன் கையை உதறினால், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினால், காற்று பட்டு உடம்பைச் சிலிர்த்தால் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக் குடிக்கச் சொல்வேன். குழந்தை இருமினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். மலையடிவாரத்துக்கு ஒருமுறை தனியாகப் போய்க் குரங்குக் கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு தாய் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. வருடங்கள் போயின. வீட்டில் இது ஒரு கதையாகிவிட்டது. விசேஷங்களில் நாலு பேர் சேர்ந்தால் அவன் தொடங்கிவிடுவான். "மாமா இல்லன்னா நான் அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன். கேள்விப்பட்ட அடுத்த நிமிசம் சைக்கிள எடுத்துகினு வந்துட்டாரு. சொம்பத் தூக்கிகினு அழுதாரு பாரு." எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தபோது, அணுபுரத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு அவன் வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டு போய் மாமல்லபுரம் வண்டி ஸ்டாண்டில் அவன் கூட்டாளி ஒருவரைப் பார்க்க நிறுத்தினான். அவரும் வேன் ஓட்டுபவர். விரலில் துணி சுற்றியிருந்தார்.

"இன்னா மச்சான் விரல்ல?"

"கொரங்குதான். பிஸ்கட்டு பாக்கெட்டப் புடுங்க வந்துச்சு, நான் வுடல."

"எப்போ?"

"முந்தாநேத்து. ஊசி போட்டுக்கணுமாமே? சீசன் நேரம், வண்டிய வுட்டுட்டு எங்க போயி நிக்கறது? ஒரே பேஜாரா கீது."

"அதுக்கு இன்னா அவசரம்? என்னக் கட்ச்சப்போ நான் ஒரு வாரம் ஆனப்புறந்தான் போட்டுகினேன். எங்க மாமா இதோ கீறாரு, கேளு. ஒண்ணும் ஆவல. சவாரி முடிச்சிட்டு பொறுமையா போ."

அந்த மனிதர் நிம்மதியாகத் தலையாட்டி என்னைப் பார்த்தார். "அப்பிடியா சார்?"

மறுபடியும் அதே கேள்வி. அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டானே, அதே கேள்வி, வேறு ஒரு முகத்திலிருந்து.

"இல்லை" என்றேன். "இப்பவே போகணும். இந்த நிமிஷம். இவன் பொழைச்சது அதிர்ஷ்டம்."

"இன்னா மாமா நீ, அவன பயமுறுத்துற. நீ கேள்விப்பட்டதே அன்னிக்குத்தான?"

"ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும் மச்சான். நீ குழாயடியில தண்ணி பிடிச்சிட்டிருந்தப்போ பூக்காரம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. நான் புதன்கிழமை வரைக்கும் சொல்லல. ஊசி வேணாம்னு சொன்னவன் நான். எல்லார் முன்னாடியும் அதை ஒத்துக்கப் பயந்தேன்."

மைத்துனன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். பிறகு கூட்டாளியிடம், "வண்டில ஏறு" என்றான். நேராகச் செங்கல்பட்டுக்கு ஓட்டினான். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி அவரை உள்ளே அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

"செவ்வாக்கெழம நீ வூட்டுக்கு வந்த" என்றான்.

"ஆமா."

"எம் பொண்ணு எனக்கு ஊட்டிகினு இருந்துச்சு. எச்சில் கையாலயே அதுவும் துன்னுகினு இருந்துச்சு."

"ஆமா."

"நீ பாத்துகினு காபி குட்ச்ச."

"என்னிய வுடு மாமா" என்றான். "எனக்கு வந்திருந்தா வந்துட்டுப் போவுது." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

கூட்டாளி தோளைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். அதற்குள் ஊசியைத் தொப்புளில் போடுவதை விட்டுக் கையில் போடத் தொடங்கியிருந்தார்கள். மீதி ஊசிகளையும் அவர் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார் என்றும் நன்றாக இருக்கிறார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அன்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாரி நிக்கிறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஏறு" என்றான் மைத்துனன்.

அவர் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். மைத்துனன் சுற்றிப்போய் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து சாவியைத் திருகினான். என்னை ஏறு என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்கதவு திறந்தே இருந்தது. வண்டி உறுமிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் மரத்தடியிலேயே இருந்தேன். பிறகு கூட்டாளி பின்பக்கம் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். வண்டி போய்விட்டது.